கிள்ளாத இலை

பூ விரிந்துவிட்டது. காலையில் பாதி விரிந்திருந்தது, இப்போது மணி மூன்று, முழுசாக விரிந்துவிட்டது. எலுமிச்சம்பழ அளவில், அடுக்கடுக்காக, வெள்ளை. நாலாவது தடவையாக அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மூக்கு இதழில் படும்வரை குனிந்து இழுக்கிறேன். காற்று உள்ளே போகிறது. சூடாக இருக்கிறது, மூக்கின் ஓரத்தில் தூசி உறுத்துகிறது, அவ்வளவுதான். ஒரே மூச்சாக இழுக்கக் கூடாது, முயல் மாதிரி சின்னச் சின்னதாக இழுக்க வேண்டும், அப்போதுதான் வாசனை மேலே ஏறும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முயல் மாதிரி இழுக்கிறேன். ஐம்பத்திரண்டு வயது, மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் டீச்சர், அஸ்தம்பட்டியில் சொந்த வீட்டுக் காம்பவுண்டுக்குள் சுவரோரம் உட்கார்ந்து மூக்கைச் சுருக்கிச் சுருக்கி விரித்துக்கொண்டிருக்கிறேன். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள். யாரும் பார்க்கவில்லை. கத்திரி வெயில், தெருவில் நாய்கூட இல்லை. வெயிலில் வாசனை வராதோ என்னவோ. சாயங்காலம்தான் இதற்கு வாசனை தூக்கும் என்று நர்சரிக்காரர் சொன்னார். சாயங்காலம் என்றால் எத்தனை மணி, நாலா, ஆறா? அஞ்சரைக்கு சிந்துஜா வந்துவிடுவாள். அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்து என்ன செய்யப் போகிறேன் என்பதை அப்புறம் யோசிக்கலாம். இல்லை, அதைத்தான் இப்போது யோசிக்க வேண்டும். முதலில் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை.

மடியில் கிடந்த போன் அதிர்ந்தது. சிந்துஜாதான். "அம்மா, கிருஷ்ணகிரி தாண்டிட்டோம். பாப்பா தூங்கறா. தர்மபுரியில நிறுத்திப் பால் குடுத்துட்டு வர்றோம். ஃப்ரிட்ஜ்ல ஒரு தட்டு காலி பண்ணி வெச்சுட்டியா?" வைத்துவிட்டேன் என்றேன். "கிரெச்ல ஜூன் எட்டாம் தேதிதான் இடம்னு உறுதியா சொல்லிட்டாங்கம்மா. அதுவரைக்கும் நீதான். உனக்கும் ஸ்கூல் லீவு, நல்லதாப் போச்சு." ஆமாம், நல்லதாகப் போயிற்று. சிந்து, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். இந்த வார்த்தைகள் வாய்க்குள் வரிசையாக நின்றன. நின்றன என்றால் உண்மையாகவே நின்றன, நாக்கின் மேல் அவற்றின் கனம் எனக்குத் தெரிந்தது. "என்னம்மா பேச மாட்டேங்கற?" என்றாள். "வெயில்ல நிக்கறேன் கண்ணு, மண்டை காயுது" என்றேன். "உள்ள போம்மா. அந்தச் செடியையே பாத்துட்டு நிக்காத" என்று சிரித்தாள். போன் அணைந்தது. கிருஷ்ணகிரியில் இருக்கும்போது சொல்லியிருந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருப்பாள். வழியில் சொல்லக் கூடாது. குழந்தையை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் அவள் பதறக் கூடாது. இது நியாயமான காரணம்தான். நேற்றுச் சொல்லாததற்கும் ஒரு நியாயமான காரணம் வைத்திருந்தேன். அது என்ன என்று இப்போது ஞாபகம் இல்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், பொங்கல் முடிந்த மறுநாள், குளியலறையில் வழுக்கி விழுந்தேன். பின்மண்டையில் அடி, நாலு தையல். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தக்கட்டு இல்லை, பிழைத்தீர்கள் என்றார்கள். தையல் பிரித்த அன்று மிளகாய் வறுத்துக்கொண்டிருக்கிறேன், என் புருஷன் கூடத்தில் இருந்து இருமிக்கொண்டே ஓடி வருகிறார், "கருகுது ரேணுகா, தெருவே இருமுது, உனக்குத் தெரியலையா?" என்கிறார். எனக்குத் தொண்டை எரிந்தது, கண் எரிந்தது, ஆனால் நெடி இல்லை. வாணலியில் மிளகாய் கறுத்துக் கிடப்பதை யாரோ சத்தத்தை நிறுத்திவிட்டுக் காட்டும் டிவி மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன். காது மூக்கு டாக்டர் படம் போட்டு விளக்கினார். மூக்கின் கூரையில் சல்லடை போல ஓர் எலும்பு, அதன் துளைகள் வழியே நூல் நூலாக நரம்பு இறங்குகிறது, பின்னால் அடிபட்டால் மூளை முன்னால் வந்து இடிக்கும், அந்த இடியில் நூல்கள் அறுந்திருக்கும். சிலருக்குத் திரும்ப முளைக்கும், ஒரு வருஷம் பார்ப்போம் என்றார். நாலு சின்ன பாட்டில். கிராம்பு, எலுமிச்சைத் தோல், யூகலிப்டஸ் தைலம், பன்னீர். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் திறந்து முகர்ந்து, கிராம்பு கிராம்பு என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். சொன்னேன். ஏழு மாதம் சொன்னேன். கிராம்பு என்ற சொல்லே தேய்ந்து அர்த்தமில்லாத சத்தமாகிவிட்டது. அவர் தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் இருக்கிறார், மாதம் இரண்டு தடவை வருவார், மற்ற நாட்களில் சாயங்காலம் போன். எடுத்ததும் முதல் கேள்வி, "இன்னிக்கு ஏதாவது தெரிஞ்சுதா?" தினமும். நான் இல்லை என்பேன். அவர் பக்கம் ஒரு மூச்சு. அந்த மூச்சைக் கேட்டுக் கேட்டு ஒரு நாள், ஆகஸ்டு மாதம் என்று நினைக்கிறேன், "தெரிஞ்சுதுங்க. பன்னீர் லேசா தெரிஞ்சுது" என்றேன். ஏன் சொன்னேன்? களைப்புதான்.  அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. முப்பது வருஷத்தில் அந்த மனுஷன் அழுது நான் கேட்டதில்லை. மறு வாரம் கிராம்பும் தெரிகிறது என்றேன், அதற்கடுத்த வாரம் எல்லாமே. அவர் கோயிலில் அபிஷேகம் செய்தார், சிந்துஜாவுக்குச் சொன்னார், என் தம்பிக்குச் சொன்னார், ஆபீசில் இனிப்புக் கொடுத்தார். அதன் பிறகு எப்படித் திருப்பி எடுப்பது.

பொய்யோடு வாழ்வது ஒன்றும் கஷ்டமாக இல்லை, அதுதான் எனக்கே ஆச்சரியம். ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு நடக்கும்போது, "சோதனைக் குழாயை மூக்குக்கு நேரா பிடிக்காத, கையால விசிறிப் பாரு, என்ன மணம்?" என்று கேட்பேன். "அழுகுன முட்டை டீச்சர்" என்று பிள்ளை சொல்லும், சல்ஃபைடு என்று எழுதச் சொல்வேன். முப்பது மூக்குகள் எனக்காக வேலை செய்தன. வீட்டில் குழம்பு மூடியில் தேதி எழுதி ஒட்டுவேன். பால் கெட்டிருக்கிறதா என்று ஒரு கரண்டி எடுத்துக் கொதிக்கவைத்துப் பார்ப்பேன். யாராவது சட்டென்று மூக்கைத் திருப்பினால் நானும் திருப்புவேன். "மழை வாசம் வருது இல்ல டீச்சர்?" என்றால் வானத்தைப் பார்த்துவிட்டு ஆமாம் என்பேன். சிந்துஜா பிரசவத்துக்குப் பெங்களூரில் இருபது நாள் இருந்தேன். அவள் பயணம் செய்யக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் பிரசவம் அங்கேயே. சம்பந்தியம்மா சமையலறைப் பக்கம் என்னை விடவில்லை, தப்பித்தேன். ஆனால் இந்த ஐந்து வாரம் வேறு. இந்த ஐந்து வாரமும் இந்த வீட்டில் நானும் ஏழு மாதக் குழந்தையும் மட்டும்தான். அவள் வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டாள். சொல்லத் தெரியாத ஒன்றோடு, முகரத் தெரியாத ஒருத்தி.

செடியை வாங்கியது போன ஆடி மாதம். ஏற்காடு போகிற சாலையில் ஒரு நர்சரி. மல்லிகைக் கன்று வாங்கப் போனதாகத்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். "இருக்கிறதுலயே ரொம்ப வாசனையான செடி எது?" என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "கார்டினியா எடுத்துட்டுப் போங்க டீச்சர். குட்டை ரகம், இடுப்புக்கு மேல வளராது, சுவரோரமா வெச்சாக்கூட அடக்கமா நிக்கும். ஒத்தப் பூ பூத்தாப் போதும், கேட்டுலயே தூக்கும்" என்றார். இருக்கிற வாசனைகளிலேயே பெரியதை வீட்டுக்குக் கொண்டுபோவோம், அதுவும் தெரியவில்லை என்றால் இனி தெரியாது என்று முடித்துக்கொள்ளலாம். அப்படித்தான் கணக்குப் போட்டேன், ஒரு பரீட்சை மாதிரி. மேற்குச் சுவரோரம், சாயங்கால வெயில் படாத இடமாகப் பார்த்து நட்டேன். இரண்டு மாதத்தில் இலை மஞ்சளாகிவிட்டது, நரம்பு மட்டும் பச்சை. எங்கள் போர் தண்ணீர் அத்தனை உப்பு. அன்னபேதி உப்பைக் கரைத்து வேரில் விட்டேன், அது இரும்புச் சத்து, பச்சை திரும்பியது. மொட்டை மாடி மழைத்தண்ணீரைக் குடத்தில் பிடித்துவைத்து ஊற்றினேன். மாவுப்பூச்சி வந்தது, பஞ்சில் சோப்புத் தண்ணீர் தொட்டு ஒவ்வோர் இலையின் அடியிலும் துடைத்தேன். ஒரு இலையைக்கூடக் கிள்ளியதில்லை, நுனி வெட்டினால் நன்றாகப் படரும் என்று தெரிந்தும் வெட்டவில்லை. பங்குனியில் மொட்டு வந்தது. பதினோரு மொட்டு. தொட்டிமண் கொஞ்சம் காய்ந்தால் ஒன்று விழும், கொஞ்சம் அதிகம் நனைந்தால் ஒன்று விழும், காற்றடித்தால் ஒன்று. பச்சையாகவே, திறக்காமலே உதிரும். பத்து உதிர்ந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் ஒவ்வொன்றும் உதிரும்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. பரீட்சை தள்ளிப்போகிறது. பதினொன்றாவது நின்றுவிட்டது. இன்றைக்கு, சரியாக இன்றைக்கு, விரிந்திருக்கிறது.

தொட்டிமண் என்று ஏன் நினைத்தேன், இது தரையில் அல்லவா இருக்கிறது. மனசு நிலைகொள்ளவில்லை. மணி மூன்றே முக்கால். மறுபடி குனிகிறேன். ஒன்றுமில்லை. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்தது என்று சொல்ல முடியாது, காலையில் இருந்தே ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது, இப்போது முன்னால் வந்து நின்றது. இது கார்டினியாதானா? அடுக்கு நந்தியாவட்டையாக இருந்தால்? அதுவும் இதே வெள்ளை, இதே அடுக்கு, இலையும் இதே போல மினுமினுப்பு. நர்சரியில் இரண்டும் அடுத்தடுத்த வரிசையில்தான் இருந்தன. கன்று பூக்காமல் இருக்கும்போது யாருக்கு வித்தியாசம் தெரியும், அவரே மாற்றிக் கொடுத்திருக்கலாம். நந்தியாவட்டை என்றால் பகலில் வாசனையே இருக்காது, யார் முகர்ந்தாலும் இருக்காது, என் மூக்கைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. சந்தோஷப்படவும் வெட்கமாக இருக்கிறது. சோதனை மிகச் சுலபம். நந்தியாவட்டை இலையைக் கிள்ளினால் பால் வரும். கார்டினியாவுக்குப் பால் கிடையாது. ஒரு இலை, ஒரு நகம், ஒரு நொடி. வேறு யாராவது இதை என்னிடம் கேட்டிருந்தால், "ஏன் பேசிட்டு நிக்கற, செஞ்சு பாரு" என்றிருப்பேன். வகுப்பில் முப்பது வருஷமாகச் சொல்வது அதைத்தான். கை போனது. இலையின் காம்பு விரல் நடுவில் இருந்தது. குளிர்ச்சியாக, கொஞ்சம் கனமாக. எடுத்துவிட்டேன் கையை. கொஞ்சம் பொறுக்கலாம். வெயில் இறங்கட்டும். வெயிலுக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம்.

"ரேணுகா." பக்கத்துச் சுவருக்கு மேல் சிஸ்டரின் தலை. ஜெயசீலி என்று பெயர், அரசு மருத்துவமனையில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர், தெருவில் எல்லோருக்கும் சிஸ்டர்தான். காய்ந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். "எத்தன மணிக்கு வர்றா?" என்றார். "அஞ்சரைக்கு சிஸ்டர்." "சொல்லிட்டியா?" "வரட்டும் சிஸ்டர். நேர்ல சொல்லிக்கறேன்." அவர் என்னைப் பார்த்தார். ஊசி போடுமுன் நரம்பைத் தேடுகிற பார்வை. "ம்" என்றார். போய்விட்டார். பூவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை பக்கத்தில் நின்றும் வாசனை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படியென்றால் வாசனை இல்லை, அப்படியென்றால் நந்தியாவட்டை. இல்லை, காற்று அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் அடிக்கிறது. கொடியில் துணி இந்தப் பக்கமாகத்தானே ஆடுகிறது. அதோடு அவர் மனசில் பூ இல்லை. அவர் மனசில் இருப்பது போன செவ்வாய்க்கிழமை. அன்றைக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மொட்டில் எறும்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வந்தேன். எறும்பு இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருக்கிறது. கேஸ் வந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் திரும்ப உள்ளே போய் ஹாலில் உட்கார்ந்து பேப்பர்கூடப் படித்தேன். பின்கதவைத் தள்ளிக்கொண்டு சிஸ்டர் வந்தார், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. சிலிண்டரை மூடினார், ஜன்னல்களைத் திறந்தார், "சுவிட்ச் தொடாத" என்று என் கையைத் தட்டிவிட்டார். என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்து உட்காரவைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துச் சாதாரணமாகக் கேட்டார், "உனக்கு வாசனை தெரியலதானே?" நான் தலையாட்டினேன். ஒன்றே முக்கால் வருஷம் என் புருஷனுக்குத் தெரியாதது அவருக்கு இருபது நிமிஷத்தில் தெரிந்தது. "உன் பொண்ணுகிட்ட சொல்லிடு. நீ சொல்லலன்னா நான் சொல்ற மாதிரி ஆயிடும். முப்பது வருஷம் குழந்தைங்க வார்டுல இருந்தவ நான். பாத்துட்டு சும்மா இருக்க என்னால ஆகாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபித்துக்கொண்டிருப்பேன்.

எழுந்து நடந்தேன். கேட் வரைக்கும், திரும்பச் செடி வரைக்கும். பதினெட்டு அடி. சொல்லாமலே சமாளிக்க முடியாதா? கரண்ட் அடுப்பு வாங்கிவிடலாம், கேஸே வேண்டாம். கேஸ் கசிந்தால் கூவுகிற அலாரம் ஒன்று வாங்கி நாலு மாதம் ஆகிறது, பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறது. சுவரில் மாட்டினால் என் புருஷன் ஏன் என்று கேட்பாரே என்று மாட்டவில்லை. பால் பொடியில் தேதி எழுதி ஒட்டலாம். துணியை மணிக்கு ஒரு தடவை கழற்றிப் பார்க்கலாம். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. ஆனால் பிளக்கில் தீப்பொறி பட்டு வயர் உருகினால்? நான் குளிக்கப் போயிருக்கும்போது, குழந்தை கட்டிலில் இருக்கும்போது? புகை கண்ணுக்குத் தெரிகிறபோது அது ஏற்கனவே குழந்தையின் நெஞ்சுக்குள் போயிருக்கும். அந்தக் காட்சி வந்ததும் நடையை நிறுத்தினேன். கட்டிலின் மேல் புகை தாழ்வாகப் படர்ந்திருக்கிறது, நான் தலை துவட்டிக்கொண்டு பாட்டு முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறேன். தலையை உதறினேன். போகவில்லை. போன் அடித்தது. "தொப்பூர் கணவாய் இறங்கிட்டோம்மா. முழிச்சுட்டா. பாட்டி வீடு, பாட்டி வீடுன்னு சொல்லிட்டே வர்றேன், என் வாயையே பாக்கறா." பின்னால் குழந்தையின் குரல் கேட்டது, ஆ என்று நீளமாக. "சரி கண்ணு, பாத்து வாங்க" என்றேன். சொல்லவில்லை. இப்போது நெடுஞ்சாலை, பதட்டம் என்று எதையும் காரணம் காட்டவில்லை நான். காரணம் என்னவென்று எனக்குத் தெரியும். சொன்னால் குழந்தையை என்னிடம் விடமாட்டாள். ஐந்து வாரம். அந்த ஐந்து வாரத்துக்காக மெத்தை விரிப்பு துவைத்தேன், ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தேன், பழைய சேலைகளைக் கிழித்து நாலு தடவை கொதிநீரில் போட்டு மெதுவாக்கி மடித்து வைத்திருக்கிறேன். அவர் அழுததால் பொய்யைத் திருப்பி எடுக்க முடியவில்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது அந்த ஆகஸ்டுக்குப் பொருந்தும். இப்போது அந்தக் காரணம் இல்லை. இப்போது எனக்குக் குழந்தை வேண்டும், அவ்வளவுதான். அதற்காக அந்தக் குழந்தையையே பணயம் வைத்துக்கொண்டு, இலையைக் கிள்ளலாமா வேண்டாமா என்று சுவரோரம் உட்கார்ந்திருக்கிறேன்.

ஐந்து மணிக்கு வெயில் சுவரைத் தாண்டிப் போய்விட்டது. பூ நிழலில் இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. உட்கார்ந்தேன். இந்தத் தடவை மூக்கைக் கொண்டுபோகவில்லை. அடியில் இருந்த ஒரு முதிர்ந்த இலையைப் பிடித்து, கண்ணை மூடாமல், காம்போடு கிள்ளினேன். டக்கென்று வந்துவிட்டது. ஒன்பது மாதத்தில் நான் கிள்ளிய முதல் இலை. காம்பின் முனை பச்சையாக, லேசான ஈரத்தோடு இருந்தது. காத்திருந்தேன். பால் சில நேரம் மெதுவாகத்தான் ஊறும். விரலால் அழுத்தினேன். செடியில் கிள்ளிய இடத்தைப் பார்த்தேன். தெளிவாக, தண்ணீராக ஒரு துளி. வெள்ளை இல்லை. இன்னொரு இலையைக் கிள்ளினேன். இன்னொன்று. நாலாவதைக் கிள்ளும்போது செடி மொத்தமும் ஆடியது, பூவும் ஆடியது, போதும் என்று கையை எடுத்துக்கொண்டேன். கார்டினியாதான். நர்சரிக்காரர் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார். இந்த நிமிஷம் இந்தக் காம்பவுண்டு முழுக்க ஒரு வாசனை நிறைந்து நிற்கிறது, நான் அதன் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. முழங்கால் வலித்தது. கையில் நாலு இலை இருந்தது, அவற்றை எங்கே போடுவது என்று தெரியாமல் சேலை மடியில் வைத்துக்கொண்டேன். வாய்க்குள் நின்ற வார்த்தைகளைத் தேடிப் பார்த்தேன், அவை அங்கே இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் வண்டி திரும்புகிற சத்தம் கேட்டது.

கேட்டைத் திறந்துவிட்டேன். டிரைவர் இறங்கி டிக்கியைத் திறந்தார். சிந்துஜா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு காலை வெளியே வைத்தாள், தலைமுடி கலைந்து, கண்ணெல்லாம் சோர்ந்து. இரண்டு அடி வந்தவள் நின்றாள். முகத்தைத் தூக்கினாள். "என்னம்மா இது, இவ்ளோ வாசனை. பூத்துடுச்சா? செமயா இருக்கு இல்ல?" ஆமா, காலையிலிருந்தே தூக்குது. அந்தப் பதில் தயாராக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு ஒரு முயற்சியும் தேவைப்பட்டிருக்காது. வாயைத் திறந்தேன். "எனக்குத் தெரியாது சிந்து" என்றேன். "என்ன தெரியாது?" "வாசனை. எனக்கு எந்த வாசனையும் தெரியாது. விழுந்ததுலேருந்து தெரியாது. வந்துடுச்சுன்னு சொன்னது பொய்." அவள் சிரிக்கத் தொடங்கி பாதியில் நிறுத்திக்கொண்டாள். "அப்பாவுக்கு?" "தெரியாது." "அப்போ கேஸு, அடுப்பு எல்லாம் எப்படிம்மா…" "போன செவ்வாக்கிழமை கேஸ் திறந்தே இருந்துச்சு. இருபது நிமிஷம். எனக்குத் தெரியல. சிஸ்டர்தான் வந்து மூடினாங்க."

 குழந்தையின் முதுகில் இருந்த அவள் கை இறுகியது. டிரைவர் இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு வந்து, "உள்ள வெச்சுடட்டுங்களா மேடம்?" என்றார். "இருங்க" என்றாள் சிந்துஜா, என்னைப் பார்த்தபடியே. அவர் பைகளைத் தரையில் வைத்துவிட்டு வண்டிப் பக்கம் போய் நின்றுகொண்டார். "செவ்வாக்கிழமை நான் உனக்கு போன் பண்ணினேன். பாப்பா சொக்காயெல்லாம் எடுத்து வெச்சுட்டிருந்தேன். நீ என்கிட்ட எறும்பு பத்திப் பேசின." "ஆமா." "ஏன்மா?" "சொன்னா நீ விட்டுட்டுப் போக மாட்ட." "விட்டுட்டுப் போகத்தான் மாட்டேன்" என்றாள். குரல் உடைந்தது, உடனே கெட்டிப்படுத்திக்கொண்டாள். "இவளுக்கு ஏதாவது ஆகியிருந்தா? உனக்கு ஏதாவது ஆகியிருந்தா? தனியா கெடக்கறியே இந்த வீட்ல. அதையாவது யோசிச்சியா?" எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. அதைச் சொன்னால் இன்னும் கோபப்படுவாள்.  "பிடி" என்று குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். சமையலறையில் சிலிண்டர் வால்வைத் திருப்புகிற சத்தம். ஜன்னல் ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தம். அப்புறம் போனில் யாரிடமோ, அவள் புருஷனிடம்தான், "இல்ல, நான் இங்கயே இருக்கேன், ரெண்டு வாரம் வீட்லேருந்து வேலை பாக்கறேன்னு கேக்கறேன், அப்புறம் பாக்கலாம்" என்று வேகமாகப் பேசினாள். வெளியே வந்து டிரைவரிடம் நீங்க கிளம்புங்க என்றாள். பைகளை அவளே தூக்கி உள்ளே வைத்தாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தாள். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். "அப்பாகிட்ட இன்னிக்கு நீ சொல்ற. நான் பக்கத்துல இருப்பேன்" என்றாள். சரி என்றேன்.

குழந்தை என் சேலை ஓரத்தைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டது. கனமாகியிருந்தாள். கழுத்து வேர்த்து என் தோள் நனைந்தது. உச்சந்தலையில் இன்னும் மூடாத அந்த இடம் மெத்தென்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் யோசிக்கவே இல்லை, தலை தானாகக் குனிந்தது, மூக்கும் வாயும் அந்த மெல்லிய முடியில் பதிந்தன. இழுத்தேன். சூடு தெரிந்தது, ஈரம் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. தலையைத் தூக்கினபோது சிந்துஜா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மாறியிருந்தது. "இதுவுமாம்மா?" என்றாள். "ம்." "பொறந்தப்போ? ஆஸ்பத்திரில முதல்ல உன் கையிலதானே குடுத்தாங்க. அப்போ?" "இல்ல." "ஒரு தடவகூட இல்லையா?" நான் தலையசைத்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. குழந்தை மேல் சிந்தக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்சம் கழித்து, எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை, "எப்படி இருக்கும் சிந்து? சொல்லேன்" என்றேன். அவள் எழுந்து வந்தாள். கோபம் இன்னும் போகவில்லை, மூக்கு நுனி சிவந்திருந்தது. என் கையில் இருந்த குழந்தையின் மேல் குனிந்தாள், அவள் நெற்றி என் கன்னத்தில் இடித்தது. "பால் வாசனை" என்றாள் முதலில். உடனே, "இல்ல, பால் இல்ல. பால் மேலதான் இருக்கு. உள்ள வேற என்னமோ…" என்று நிறுத்தினாள். "வெயில்ல காஞ்ச பஞ்சு மாதிரியா?" என்று கேட்டேன். "அதுவும் இல்லம்மா. இரு, அவசரப்படுத்தாத" என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் முகர்ந்தாள்.